மாத்திரைக் காசில் நடந்த மாநாடு

தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் சாலை என்று சொன்னால் ஆட்டோக்காரர் மறுபேச்சுப் பேசாமல் கொண்டுபோய் இறக்கிவிடுவார். "பண்டிதர்னா யாருங்க?" என்று கேட்டுப் பாருங்கள், அப்போதுதான் வண்டி கொஞ்சம் தயங்கும். வைத்தியர் என்பார் ஒருவர். பாட்டு வாத்தியார் என்பார் இன்னொருவர். பேரை வைத்துப் பாதிரியார் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

கடைசிப் பதில் மட்டும்தான் தப்பு. பள்ளிக்கூட வாத்தியாராக இந்த ஊருக்கு வந்தவர். மருந்து விற்றுப் பணக்காரர் ஆனவர். அந்தப் பணத்தில் சங்கீத வித்வான்களை ஊர் ஊராக அழைத்துவந்து, சாப்பாடு போட்டு, தங்கவைத்து, "இந்த ராகத்துக்கு எத்தனை சுருதி, பாடிக் காட்டுங்கள்" என்று கேட்டவர். தெற்கே பிறந்த ஒரு கிறிஸ்தவர், கர்நாடக சங்கீதத்தின் தலைவாசல் என்று பெயரெடுத்த ஊரில் இதைச் செய்தார். செய்த ஆண்டு 1912. சென்னையில் மியூசிக் அகாடமி தொடங்கியது 1928இல்.

பண்டிதரைப் பற்றி எழுதுகிறவர்கள் 'கருணாமிர்த சாகரம்' என்ற அவருடைய பெரிய நூலில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுவார்கள். அந்த நூல் அதற்குத் தகுதியானதுதான். ஆனால் இந்த வாரம் அவரை நாம் வேறு வாசல் வழியாகப் போய்ப் பார்க்கலாம். வாத்தியார் வேலை பார்த்துத் தொழிலில் இறங்கிய ஒருவர், சம்பாதித்தபின் பொதுக்காரியத்துக்கு வந்தால் என்ன நடக்கும்? என்ன நடக்காமல் போகும்?

அதற்கு முன்னால் அந்தக் காலத்துத் தஞ்சாவூரைப் பார்த்துவிட வேண்டும்.

1832இல் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி இறந்தார். மகன் சிவாஜி 1855இல் ஆண்வாரிசு இல்லாமல் போக, ராஜ்யமே இல்லை என்று கம்பெனிக்காரன் சொல்லிவிட்டான். அரண்மனை இருந்தது, சரஸ்வதி மகால் சுவடிகள் இருந்தன. வித்வானுக்குப் படியளக்கும் கை மட்டும் இல்லை. நாட்டியத்துக்குப் பேர்போன தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு அதற்கு முன்பே திருவாங்கூர் போயிருந்தார். மிச்சமிருந்தவர்கள் கோயில் உற்சவத்தையும் மிராசுதார் வீட்டுக் கல்யாணத்தையும் நம்பி இருந்தார்கள். மிராசுதார் கை தாராளமாக இருப்பது ஆற்றில் வரும் தண்ணீரைப் பொறுத்தது. மேட்டூர் அணை 1934இல்தான் வந்தது. அதுவரை குடகில் மழை பெய்தால் காவிரி, இல்லையென்றால் மணல். சம்பா பொய்த்த வருஷம் கச்சேரியும் பொய்த்துப்போகும். ரயில் வந்தபின் பெரிய வித்வான்களின் பார்வை பட்டணத்துப் பக்கம் திரும்பியது.

பண்டிதர் வந்து இறங்கிய ஊர் இதுதான்.

சாம்பவர் வடகரையிலிருந்து

1859 ஆகஸ்ட் 2ஆம் தேதி, இன்றைய தென்காசி மாவட்டத்துச் சாம்பவர் வடகரையில் பிறந்தார். ஆசிரியப் பயிற்சிக்குத் திண்டுக்கல் போனார். அந்த ஊர் அவருக்குப் பாடம் சொல்லும் தொழிலோடு வேறு சிலவற்றையும் கொடுத்தது. சடையாண்டிப் பத்தரிடம் சங்கீதம் கற்றதும், புகைப்படக் கலையிலும் அச்சுத் தொழிலிலும் ஆசை பிடித்ததும் அங்கேதான். சுருளி மலைப் பக்கம் போய்க் கருணானந்தர் என்ற முனிவரைக் கண்டதாகவும், மூலிகை வைத்தியத்தை அவரிடம் கற்றதாகவும் அவருடைய வரலாறு சொல்கிறது. மலையில் என்ன நடந்தது என்று நாம் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் குருவின் பெயரை அவர் கடைசிவரை விடவில்லை. வைத்தியசாலைக்குக் கருணாநிதி என்று பெயர். தோட்டத்துக்குக் கருணானந்தபுரம். நூலுக்குக் கருணாமிர்த சாகரம். பக்தி என்றும் சொல்லலாம், வியாபாரத்தில் ஒரே பெயரை ஊன்றி நிற்கவைக்கும் சாமர்த்தியம் என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டும் சேர்ந்தே தெரிகிறது.

1882இல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். அடுத்த ஆண்டு தம்பதி இருவரும் தஞ்சைக்கு வந்து, லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார்கள். பெண் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று பல வீடுகள் யோசித்துக்கொண்டிருந்த காலம். கணவனும் மனைவியும் ஒரே பள்ளியில் பாடம் நடத்தினார்கள். பள்ளி விட்டபின் வீட்டில் மருந்து இடித்தார்கள். ஏழு வருஷம் இப்படியே போனது. வைத்தியம் வாத்தியார் வேலையை மிஞ்சி வளர்ந்தபின், 1890இல் வேலையை விட்டார்.

சம்பளத்தை விட்டுச் சொந்தத் தொழிலுக்கு வருகிறவர்களிடம் ஊர் என்ன சொல்லும் என்று நமக்குத் தெரியும். மாசம் பிறந்தால் வருகிற காசை யாராவது விடுவார்களா? பண்டிதர் விட்டார். கோரோசனை மாத்திரையும் சஞ்சீவி மருந்துகளும் தஞ்சாவூரைத் தாண்டி, கடலையும் தாண்டி இலங்கைக்கும் பர்மாவுக்கும் போயின. நாகப்பட்டினம் துறைமுகத்தையும் திருச்சியையும் சேர்க்கும் ரயில் பாதை 1860களின் தொடக்கத்திலேயே தஞ்சை வழியாகப் போடப்பட்டிருந்தது. நெல் போகும் வழியில் மாத்திரையும் போகலாம்தானே.

இதே காலத்தில், 1893இல், பம்பாயில் நாகேஸ்வர ராவ் பந்துலு என்ற ஆந்திரர் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கினார். தலைவலித் தைலத்தில் வந்த பணம் 'ஆந்திர பத்ரிகா'வாக மாறித் தெலுங்கு இதழியலுக்கு முதுகெலும்பு ஆனது. நாட்டு மருந்து, சிறிய டப்பி, அதில் ஒட்டிய பெயர், தபாலில் வரும் பணம்: அந்தத் தலைமுறையில் ஜமீனோ உத்தியோகமோ இல்லாத ஒருவர் பெரும் பணம் பார்க்க இருந்த சில வழிகளில் இது ஒன்று. பந்துலு பத்திரிகைக்குச் செலவழித்தார். பண்டிதர் சுருதிக்குச் செலவழித்தார்.

நெல் ஊரில் ஒரு தோட்டம்

தஞ்சாவூர் டெல்டாவின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஊர். வடக்கே வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு என்று வரிசையாக ஆறுகளும் நஞ்சையும். தெற்கே வல்லம் பக்கம் போனால் செம்மண் மேடு. ஊருக்கு வெளியே பண்டிதர் வாங்கிப் போட்ட நிலம் ஏறத்தாழ நூறு ஏக்கர். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் பண்டிதர் தோட்டம். மருந்துக்கு வேண்டிய மூலிகைகளை அங்கே பயிரிட்டார். அதோடு கரும்பு ரகங்களை வரவழைத்துச் சோதித்துப் பார்த்தார். நாற்றங்கால், நடவு, களை, அறுப்பு என்று ஒரே தாளத்தில் ஓடும் ஜில்லாவில் இது விசித்திரமான பண்ணை. வேடிக்கை பார்க்க வந்த மிராசுதார்கள் என்ன நினைத்துக்கொண்டு திரும்பினார்களோ. விவசாயக் கண்காட்சிகளில் அவருடைய விளைச்சலுக்குப் பரிசு கிடைத்தது. 1906 முதல் 1911 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் லாலி தோட்டத்துக்கே வந்து பார்த்தார். 1909இல் ராவ் சாகிப் பட்டம் வந்தது.

பண்டிதர் தொடங்கிய மின் அச்சகத்துக்கும் லாலியின் பெயர்தான். வெள்ளைக்காரன் பெயரை வைத்துவிட்டாரே என்று இன்று முகம் சுளிக்கலாம். துரை வந்து போனதை எந்த இடத்தில் முதலாக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். பின்னாளில் ஆயிரம் பக்கத்துக்கு மேல் வரும் ஒரு நூலை அச்சிட வேண்டியிருந்தபோது வெளி அச்சகத்தின் வாசலில் அவர் காத்து நிற்கவில்லை.

தோட்டம், வைத்தியசாலை, அச்சகம். மூன்றும் ஒன்றுக்கொன்று கைகொடுத்து ஓடின. இதற்கு நடுவில் வயலின் வாசிப்பு விடாமல் நடந்தது. 1907இல் 'கருணாமிர்த சாகரத் திரட்டு' வெளியானது. பாட்டுக் கற்க வரும் பிள்ளை முதல் கீதத்திலேயே புரியாத மொழியில் முட்டிக்கொள்கிறதே என்று, தொடக்கப் பாடம் முதல் தமிழிலேயே பாடல்கள் இயற்றிக் கொடுத்தார். பள்ளியை விட்டுப் பதினேழு வருஷம் ஆகியும் வாத்தியார் உள்ளேயேதான் இருந்திருக்கிறார்.

இருபத்திரண்டா, இருபத்துநான்கா?

அவரைப் பிடித்து ஆட்டிய கேள்வியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சங்கீதம் தெரியாதவர்களும் பயப்பட வேண்டாம்.

ஒரு ஸட்ஜத்திலிருந்து, அதாவது 'ஸ'விலிருந்து, மேல் ஸட்ஜம் வரை எத்தனை சுருதிகள், அதாவது நுண்ணிய சுர நிலைகள்? பதின்மூன்றாம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய 'சங்கீத ரத்னாகரம்' இருபத்திரண்டு என்கிறது. வித்வான்களும் இருபத்திரண்டு என்றே சொல்லிவந்தார்கள். பண்டிதர் கணக்குப் போட்டுப் பார்த்தார். நம் ஊர் வித்வான் பாடுவதோடு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. அப்படியானால் பாட்டுத் தப்பா, புத்தகம் தப்பா?

பதில் தேடி அவர் போன இடம் சிலப்பதிகாரம். 1892இல் உ.வே.சாமிநாதையர் அதை உரைகளோடு பதிப்பித்தார். அப்போது அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழ் வாத்தியார். தஞ்சையிலிருந்து இருபத்தைந்து மைல்கூட இல்லை. அந்தப் பதிப்பு மட்டும் வராமல் இருந்திருந்தால் பண்டிதர் கையில் ஒன்றுமே இருந்திருக்காது. ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்கள் வட்டமாக நிற்கிறார்கள். ஒருத்திக்குக் குரல் என்று பெயர், அடுத்தவளுக்குத் துத்தம், பிறகு கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். ஏழு பெண்கள், ஏழு சுரங்கள். பன்னிரண்டு ராசி வீடுகளைப் போல வட்டம் பிரிகிறது. ஒரு சுரத்திலிருந்து ஐந்தாவதாக வரும் அதன் இளிக்கு, அந்த இளியின் இளிக்கு என்று தாவிக்கொண்டே போனால் வட்டம் முழுதும் சுற்றிப் புறப்பட்ட வீட்டுக்கே வந்து சேரலாம். இதைப் பிடித்துக்கொண்டு இருபத்துநான்கு என்ற முடிவுக்கு அவர் வந்தார். இன்று கர்நாடக சங்கீதம் என்று நாம் சொல்வது பழந்தமிழ் இசையின் தொடர்ச்சிதான் என்பது அதன் அடுத்த படி.

இருபத்துநான்கு என்ற எண்ணைப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஏற்கவில்லை. சம இடைவெளியாகப் பிரிப்பது காதுக்குப் பொருந்துமா என்ற வாதம் இன்னும் இருக்கிறது. அது இசையறிஞர்கள் தீர்க்க வேண்டிய வழக்கு. நமக்கு வேண்டியது, கேள்வி எழுந்தபின் அவர் செய்தது. வீட்டில் உட்கார்ந்து புத்தகம் எழுதி முடித்திருக்கலாம், அச்சகமும் சொந்தமாக இருந்தது. அவர் ஊரைக் கூட்டினார்.

1912 மே 27. தஞ்சை சங்கீத வித்யா மகாஜன சங்கத்தின் முதல் மாநாடு. மே மாசம் டெல்டாவில் வயல் வெடித்துக் கிடக்கும், யாருக்கும் வேலை இருக்காது; கூட்டம் சேர்க்கத் தோதான காலம். வந்த வித்வான்களின் வழிச்செலவு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் பண்டிதர் கணக்கு. 1916 வரை இப்படி ஏழு மாநாடுகள் நடந்தன. வந்து கலந்துகொண்டவர்களில் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும் உண்டு.

இது கச்சேரி இல்லை, அதுதான் புதுமை. ராகத்தின் லட்சணம் என்ன, இந்தச் சுரம் இந்த இடத்தில் எவ்வளவு அசைகிறது, உங்கள் பாடாந்தரத்தில் எப்படி, உங்களுக்கு எப்படி என்று ஒருவர் முன்னால் ஒருவர் வைத்துப் பேசுவது. குடும்பச் சொத்தாக, குரு காதில் சொல்லிச் சீடன் மட்டும் கேட்டுவந்த விஷயங்களைச் சபை நடுவில் எடுத்துவைக்கச் சொன்னால் யாருக்குத்தான் இஷ்டம் இருக்கும்? சன்மானமும் சால்வையும் கொடுத்து அனுப்பியிருந்தால் பண்டிதருக்குப் புரவலர் என்ற பேர் சுலபமாகக் கிடைத்திருக்கும். அவரோ வகுப்பு நடத்தினார். அரண்மனை இருந்த காலத்தில் ராஜா கேட்டார், வித்வான் பாடினார். இங்கே பணம் கொடுக்கிறவரே கரும்பலகை முன்னால் நிற்கும் வாத்தியாராக இருந்தார். தஞ்சாவூர் இதற்கு முன் பார்க்காத காட்சி.

அடுத்து 1916இல் பரோடா. வடநாட்டு இசையறிஞர் பாத்கண்டே முன்னின்று நடத்திய அகில இந்திய சங்கீத மாநாட்டுக்குப் பண்டிதர் குடும்பத்தோடு போனார். தன் கட்சியை வாயால் சொன்னதோடு விடாமல், மகள் மரகதவல்லியம்மாளையும் குடும்பத்துப் பெண்களையும் வைத்து வாசித்தும் பாடியும் காட்டச் செய்தார். குடும்பப் பெண் சபையில் பாடுவதா என்று ஊர் கேட்ட காலம் அது. பெண்கள் பள்ளியில் பாடம் நடத்திய வீட்டுக்கு அந்தக் கேள்வி உறைக்கவில்லை போலும். பொன்னம்மாள் இதைப் பார்க்க இல்லை, 1911இலேயே காலமாகிவிட்டார். மருந்து இடித்த அந்தக் கைகளின் பங்கு இந்த வரலாற்றில் போதுமான அளவு எழுதப்படவில்லை என்பது என் குறை.

1917இல் 'கருணாமிர்த சாகரம்' சொந்த அச்சகத்திலிருந்து வெளிவந்தது. இரண்டு வருஷம் கழித்து, 1919 ஆகஸ்ட் 31ஆம் தேதி பண்டிதர் மறைந்தார். வயது அறுபது.

ஆற்றுக்கு அக்கரையில்

அதன்பின் மாநாடு நடக்கவில்லை.

இந்த இடத்தில் வடவாற்றைத் தாண்டிக் கரந்தைக்குப் போயாக வேண்டும். பண்டிதரின் முதல் மாநாட்டுக்கு ஏறத்தாழ ஒரு வருஷம் முன்னால், 1911 மே 14ஆம் தேதி, அங்கே கரந்தைத் தமிழ்ச் சங்கம் தொடங்கியது. தொடங்கியவர் இராதாகிருட்டிணர். தலைவராக உட்கார்ந்தவர் அவருடைய அண்ணன், வழக்கறிஞர் உமாமகேசுவரனார். அவர்களிடம் மாத்திரைப் பணம் கிடையாது. சந்தா இருந்தது, நன்கொடை இருந்தது, கூட்டுறவு என்ற அந்தக் காலத்துப் புதுச் சரக்கு இருந்தது. தஞ்சையில் கூட்டுறவு அச்சகம் அமைவதில் உமாமகேசுவரனார் முன்னின்றார். வட்டக் கழகத் தலைவராகவும் இருந்தார். தாலுகா போர்டு என்று சொன்னால் பழைய ஆட்களுக்குப் புரியும். பள்ளிக்கூடம், சாலை, ஆஸ்பத்திரி எல்லாம் அதன் கையில். 1934இல் அந்த அமைப்பையே எடுத்துவிட்டார்கள். அந்தப் பதவியில் இருந்துகொண்டு கிராமம் கிராமமாகப் பள்ளி திறந்தார். ஜில்லா போர்டில் ஏ.டி.பன்னீர்செல்வம் தலைவர். இருவரும் சேர்ந்து, வடமொழிக்கென்றே இருந்த திருவையாற்று அரசர் கல்லூரிக்குள் தமிழைக் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள்.

பண்டிதர் ஏன் போர்டு பக்கம் போகவில்லை? பட்டம் வாங்கியவர், துரைமார் பழக்கம் உள்ளவர், பணம் இருந்தவர். அவருக்கு அது தேவைப்படவில்லை என்பதுதான் என் கணிப்பு. தீர்மானம் போட்டு, பத்துப் பேரைச் சம்மதிக்கவைத்து, மேலே எழுதி அனுமதி வாங்குகிற பாதை மெதுவானது. சொந்தப் பையில் கைவிட்டால் நாளைக்கே பந்தல் போடலாம். தொழில் நடத்தியவர்களுக்கு இந்த அவசரம் ரத்தத்தில் இருக்கும். அதில் ஒரு அழகும் உண்டு: யாருக்கும் கடன்படாமல், யாருடைய கோபத்துக்கும் அஞ்சாமல் கேள்வி கேட்கலாம். இருபத்திரண்டு சுருதி என்று உட்கார்ந்திருந்த சபையில் இருபத்துநான்கு என்று சொல்ல வேண்டுமானால் சந்தாதாரர்களின் ஓட்டு உதவாது.

திருவையாற்றில் பெங்களூர் நாகரத்தினம்மாள் செய்ததும் இதே ரகம்தான். பாடிச் சேர்த்த பணத்தையும் நகையையும் போட்டுத் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பினார், 1925இல் குடமுழுக்கு. அரண்மனை விட்டுப்போன காலி இடத்தில் காவிரிக்கரை மூன்று விதமான பைகளைப் பார்த்தது. ஒன்று மருந்து விற்றவருடையது, ஒன்று பாடிச் சம்பாதித்த பெண்ணுடையது, ஒன்று நாலணாவும் எட்டணாவும் சேர்த்த சங்கத்துடையது.

தனியாள் பையின் சிக்கல் அந்த ஆள் போனபின் தெரியும். பண்டிதரின் மாநாடு ஒரு கட்டடமாகவோ, நிரந்தர உறுப்பினர் பட்டியலாகவோ உறையவில்லை. வித்வான்கள் பண்டிதர் அழைத்தார் என்று வந்தார்கள். அழைக்க ஆள் இல்லாதபோது அவரவர் ஊரில் இருந்துவிட்டார்கள். 'கருணாமிர்த சாகரத்'தின் இரண்டாம் பாகம், ராகங்களைப் பற்றியது, கையெழுத்தில் கிடந்தது. அதை அச்சுக்குக் கொண்டுவந்தவர் மகள் மரகதவல்லியம்மாள். வெளிவந்த ஆண்டு 1946. அப்பா இறந்து இருபத்தேழு வருஷம் ஆகியிருந்தது.

கரந்தையில் உமாமகேசுவரனார் 1941 மே 9ஆம் தேதி வடநாட்டுப் பயணத்தில் அயோத்தியில் காலமானார். சங்கம் அவரோடு நின்றுவிடவில்லை. 1925இல் அவர்கள் தொடங்கிய 'தமிழ்ப் பொழில்' இதழும், 1938இல் தொடங்கிய புலவர் கல்லூரியும் தொடர்ந்து நடந்தன. 1947 ஜூன் 5ஆம் தேதி திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் ஒரு நூல் அரங்கேறியது. ஈழத்திலிருந்து வந்த விபுலானந்த அடிகள் பல ஆண்டு உழைத்து எழுதிய 'யாழ் நூல்'. சிலப்பதிகாரத்தின் அதே ஆய்ச்சியர் வட்டம், அதே இளி. பண்டிதர் திறந்துவைத்த வழியில் அடுத்து நடந்த பெரிய நடை அது. வெளியிட்டவர்கள் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தார். அடுத்த மாதமே, ஜூலை 19ஆம் தேதி, அடிகள் மறைந்தார்.

ஊர் ஒன்று, கேள்வி ஒன்று. மகள் வெளியிட்ட நூலுக்கும் சங்கம் வெளியிட்ட நூலுக்கும் நடுவில் ஒரே ஒரு வருஷம். எது பெரிது என்று தராசு பிடிக்க எனக்கு விருப்பம் இல்லை. பண்டிதர் தன் காசைப் போட்டு முதல் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் யாழ் நூலுக்கு முன்னோடி என்று சொல்ல ஒரு நூல் இருந்திருக்காது. சங்கம் இல்லாமல் போயிருந்தால் அடிகளின் கையெழுத்துப் படியும் எத்தனை வருஷம் பெட்டியில் கிடந்திருக்குமோ.

பண்டிதரின் மகன் வரகுண பாண்டியன் வீணைக்காரர். 1950இல் அவரும் யாழைப் பற்றி 'பாணர் கைவழி' என்று ஒரு நூல் எழுதினார். வட்டத்தில் நின்ற அந்த ஏழு பெண்களை யாரும் இன்னும் வீட்டுக்கு அனுப்பவில்லை.